எச்சிலில் புற்றுநோய் தெரியுமா?

எச்சிலை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பாதி உண்மை. உமிழ்நீரில் 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள அந்தத் துளியில்தான் புரதங்களும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் துணுக்குகளும் மிதக்கின்றன. வாய்க்குள் கட்டி இருந்தால் அதிலிருந்து உதிர்வதும் அங்கேதான் வந்து சேரும். 2004-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆய்வாளர் டேவிட் வோங் குழுவினர், வாய்ப்புற்று நோயாளிகளின் எச்சிலில் ஏழு ஆர்.என்.ஏ. அடையாளங்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின் 8, அதாவது அழற்சியைக் காட்டும் அடையாளம், ஈறு வீங்கினாலும் ஏறும். நம்மில் எத்தனை பேருக்கு ஈறு நன்றாக இருக்கிறது? அதனால்தான் எச்சிலில் சந்தேகம் வந்தாலும் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

"90 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரம் பார்த்தேன். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. செய்துகொள்ளலாமா?

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாத 998 பேரில் பத்து சதவீதத்துக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வந்தால், சுமார் நூறு பேர் தூக்கம் தொலைப்பார்கள். அவர்களோடு நிஜமாகவே நோய் உள்ளவர்கள் இரண்டே பேர்.

லண்டனில் எச்சில் மூலம் பிராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடித்தார்களாமே?

அது வேறு வகை. 2025-ல் வெளியான பார்கோட் 1 ஆய்வு எச்சிலில் புற்றுநோயைத் தேடவில்லை. பிறப்பிலேயே வந்த டி.என்.ஏ.வில் 130 இடங்களைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணித்தது. 55 முதல் 69 வயது ஆண்களில் அப்படி மேல்வரிசையில் வந்தவர்களை அழைத்து, 468 பேருக்கு எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் செய்ததில் 187 பேருக்கு நோய் தெரிந்தது. நல்ல வேலை. ஆனால் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஆட்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பரிசோதனைக்கு முன் காபி குடிக்கலாமா?

கூடாது. ஆய்வகம் சொல்லும் நேரம்வரை சாப்பாடு, புகை, பல் தேய்ப்பது எதுவும் வேண்டாம். காறித் துப்பாமல், வாயில் தானாக ஊறுவதைக் கொடுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறார். இப்போது வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. எச்சில் கிட் வாங்கி அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள் அம்மா. இந்த வாரமே அவரைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். பாக்கினால் கன்னத்தின் உள்சதை நார் நாராக இறுகும்போது வாய் இப்படிக் குறுகும். அதிலிருந்து புற்றுநோய் வரலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் வாய் எரிகிறதென்று குழம்பில் காரத்தைக் குறைத்திருப்பார்கள், ஆனால் யாரிடமும் வாயைக் காட்டியிருக்க மாட்டார்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது. எந்தக் கிட்டும் இதுவரை இதைச் செய்துகாட்டவில்லை.

நீங்களும் இன்று ராத்திரி அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், நாக்கின் ஓரத்தில் தடிப்பு. ஒன்றும் தென்படாவிட்டாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அப்புறம், அப்பா புகையிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அதைச் சொன்னால் அந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பார்.