ஆறாத கால் புண்ணுக்கு உறிஞ்சு கருவி எப்படி உதவுகிறது?

சர்க்கரை நோயாளியின் ஆறாத பாதப் புண்ணுக்கு எதிர்மறை அழுத்தச் சிகிச்சை (கருவியால் புண்ணை உறிஞ்சி ஆற்றும் முறை) பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செத்த திசுக்களை அகற்றியபின், புண்ணுக்குள் நுரைப்பஞ்சை வைத்து, மேலே காற்றுப் புகாத படலத்தை ஒட்டி, குழாய் வழியே பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் உறிஞ்சும்போது, தேங்கிய நீர் வெளியேறி, வீக்கம் வற்றி, விளிம்புகள் நெருங்கி, சிவந்த புதுத்திசு வளரத் தொடங்குகிறது. பாதத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 162 சர்க்கரை நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், 16 வாரங்களில் இம்முறையில் 56 விழுக்காட்டினருக்கும் வழக்கமாகக் கட்டுப் போடும் முறையில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. பயன் உண்டு, அற்புதம் அல்ல. காலில் இரத்த ஓட்டம் போதாவிட்டாலோ எலும்பில் கிருமித்தொற்று இருந்தாலோ முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். புண்பட்ட காலை ஊன்றி நடந்தால் பலன் குறையும். குழாயில் திடீரென இரத்தம் பெருகினால் கருவியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.