அமெரிக்காவுக்கு மசில் கார் என்றால் நமக்குக் கான்டெசா

கேள்வி: அமெரிக்காவில் வயதானவர்கள் தங்கள் இளமைக்கால மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்களை, நினைத்து இன்னும் உருகுகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு கார் இருந்ததா? அந்த வண்டிகள் நிஜமாகவே நல்ல வண்டிகளா, இல்லை பழசு என்பதால் வரும் ஏக்கம்தானா?

இருந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. நிஜமாகவே நல்ல வண்டி. பதில் இவ்வளவுதான், ஆனால் கேள்வியின் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கான்டெசா பேச்சை எடுத்தாலே, பார்க்கத்தான் பெரிசு, உள்ளே சரக்கு கிடையாது, பெட்ரோலைக் குடித்தே ஆளைக் காலி பண்ணிவிடும் என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வண்டியில் உட்கார்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் முப்பது வயதுக்குள் இருப்பவர், மேட் பிளாக் அடித்து அலாய் வீல் மாட்டிய கான்டெசா ஒன்றை மொபைலில் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்ற யோசனையோடு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கான்டெசா இருந்ததில்லை. சைக்கிளுக்கு மேல் எதுவுமே இருந்ததில்லை. என் அப்பா கோவையில் ஒரு மில் முதலாளி வீட்டுக்கு டிரைவராக இருந்தார். கார் வைத்திருந்தவர்கள் எழுதும் நினைவுகளை நிறையப் படித்திருக்கிறேன். அப்பா வாங்கிய முதல் கார், தாத்தாவின் ஃபியட் என்று போகும். அந்த வண்டியைத் தினமும் ஓட்டியவர், துடைத்தவர், அடியில் படுத்து ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தவர் என்று இன்னொருவரும் இருந்திருப்பார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே வண்டியின் மேல் ஆசை இருந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சரி, கான்டெசாவின் எண்பத்தைந்து குதிரைத்திறனை வைத்துக்கொண்டு மசில் கார் என்கிறாயா என்று கேட்பவர்களுக்கு. மசில் கார் என்பது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் அப்போது ஒரு விதி இருந்தது, நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று. 1964 மாடலுக்கு, பான்டியாக் பிரிவில் ஜான் டெலோரியனும் அவரோடு இருந்தவர்களும் டெம்பெஸ்ட் என்ற குடும்பக் காரில், பெரிய கார்களுக்கு வைக்கும் 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை, அதாவது கிட்டத்தட்ட 6.4 லிட்டர், 'ஆப்ஷன்' என்ற பெயரில் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. குடும்பக் கார் உடம்பு, அந்த உடம்புக்கு மீறிய எஞ்சின், பின்சக்கர இழுவை, நீளமான பானெட். அங்கே அந்தக் காலம் ரொம்ப நாள் நீடிக்கவும் இல்லை. இன்சூரன்ஸ் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து முடித்துவைத்தது.

கான்டெசாவின் உடம்பு, 1970களில் இங்கிலாந்தில் வந்த வாக்ஸால் விக்டர் காருடையது. அந்த உடம்பை அடிக்கும் அச்சுகளை வாங்கிக்கொண்டுவந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் வைத்துச் செய்தார்கள். 1984 வாக்கில் விற்பனைக்கு வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சிசி எஞ்சின்தான். ஐம்பதை ஒட்டிய குதிரைத்திறனை (எச்.பி.) வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய வண்டியை இழுக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஏற்றத்தில் திணறியது. சரக்கு கிடையாது என்ற கெட்ட பெயர் அந்த முதல் வண்டிகளால் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்பதுகள் முடிவதற்குள் ஜப்பான் கம்பெனியான இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்துவிட்டன. கான்டெசா கிளாசிக் என்று பெயர். அன்றைக்கு ரோட்டில் கூட ஓடியவை எவை? 1089 சிசியும் நாற்பது எச்.பி.யும் கொண்ட பிரீமியர் பத்மினி, 796 சிசி மாருதி, அப்புறம் அம்பாசிடர். அந்தக் கூட்டத்தில் கிளாசிக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். பலத்தைப் பக்கத்தில் ஓடும் வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும், கடலுக்கு அந்தப் பக்கம் ஓடியதோடு ஒப்பிட்டு என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. வாக்ஸால் 1925-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் கம்பெனி. இசுசுவில் 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தது. பான்டியாக்கும் அவர்களுடையதுதான். ஆக உடம்பு, எஞ்சின் இரண்டிலுமே கான்டெசா ஜிடிஓவுக்குப் பங்காளி முறை. அந்த நாலு ஹெட்லைட்டும் நீண்ட பானெட்டும் சும்மா வரவில்லை. அதே சமயத்தில் நம் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி, 1985-இல் ரோவர் எஸ்டி1 உடம்பில் தன் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விட்டது. என்ன அழகான கார்! எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை, மூன்று நான்கு வருடத்தில் நின்றே போனது. இசுசு வந்திருக்காவிட்டால் கான்டெசாவும் அப்படித்தான் போயிருக்கும்.

அப்பா ஓட்டியது கிளாசிக், வெள்ளை. விடிவதற்கு முன்பே போய்விடுவார். ரேடியேட்டர் தண்ணீர், ஆயில் குச்சி, ஃபேன் பெல்ட், டயர் எல்லாம் பார்த்து, வண்டியைத் துடைத்து, முதலாளி இறங்கி வருவதற்குள் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்பார். ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார். எஞ்சின் வால்வைத் தள்ளும் டேப்பெட் லேசாகத் தட்டினால்கூட அன்றைக்கே ஒர்க்‌ஷாப். ஸ்பேர் கிடைக்காத நாட்களில் கணபதி ஏரியாப் பக்கம் ஒரு லேத்தில் புஷ் (தேய்மானம் தாங்கும் உலோக வளையம்) கடைந்து வாங்கிப் போடுவார். கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை, வரைபடம்கூட வேண்டாம், பழைய பாகத்தைக் காட்டினால் போதும். உக்கடம் பழைய சாமான் கடைகளில் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வண்டி வழியில் நின்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாருதி 1000 புதிதாக ரோட்டுக்கு வந்த சமயம். பள்ளி லீவு. முதலாளி வீட்டு அம்மாவைச் சேலத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அப்பா காலி வண்டியோடு திரும்ப வேண்டியிருந்தது. பேச்சுத் துணைக்கு ஆகும், பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாவே சொன்னார். அவருடைய நல்ல மனசை இங்கே சொல்லியாக வேண்டும். போகும்போது நான் முன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அம்பாசிடர் மாதிரி நீள பெஞ்சு சீட்டும் ஸ்டீயரிங் கியரும் இல்லை, தனித்தனிச் சீட்டு, நடுவில் தரையிலிருந்து எழும் கியர் ராடு. அதன் தலையில் அப்பாவின் கை படிந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பழைய சேலம் ரோடு, இரண்டே இரண்டு வழி, இரண்டு பக்கமும் வெள்ளையும் கறுப்பும் அடித்த புளிய மரங்கள். நாலு வழிச் சாலைக்காக அத்தனையையும் வெட்டிவிட்டார்கள். சங்ககிரி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டியதும் முன்னால் ஒரு புது மாருதி 1000, சிவப்பு. வழிவிடாமல் நடு ரோட்டில் போனது. அப்பா ஹாரன்கூட அடிக்கவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார். ரோடு நேராகி, எதிரில் கண்ணுக்கு எட்டும் தூரம் காலியானதும், "புடிச்சு உக்காரு கண்ணு" என்று சொல்லி ஒரு கியர் குறைத்தார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலறல் கிடையாது. தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு கனமான குரல். பானெட் லேசாகத் தூக்கியது, என் முதுகு சீட்டில் பதிந்தது, சிவப்புக் கார் என் ஜன்னலுக்கு நேரே வந்து பின்னால் போய்விட்டது. அதற்கப்புறம் காவிரிப் பாலம் வரும்வரை அப்பா வண்டியை அப்படியே விட்டார். ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்தேன், எண்ணைச் சொல்ல மாட்டேன், அப்பா இன்றும் அதைச் சொல்லக் கூடாது என்பார். ரோடு மோசமான இடங்களில்கூட வண்டி குதிக்கவில்லை, மிதந்தது. "இந்த வண்டிய அமுக்கக்கூடாது கண்ணு. பதனமாக் கேட்டா அதுவே குடுக்கும்" என்றார். அப்பா தன் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். வீட்டில் அவர் அதிகம் பேசாதவர், முதலாளி முன்னால் குனிந்தே நிற்பவர். ஸ்டீயரிங்கில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வேகத்தைப் புகழ்கிறேன், இளைஞர்களைக் கெடுக்கிறேன் என்று தயவுசெய்து வர வேண்டாம். இத்தனை வருடத்தில் என் அப்பா கையில் ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, டவுனுக்குள் லிட்டருக்கு எட்டோ ஒன்பதோதான் கொடுக்கும், மழைக்காலத்தில் துருப் பிடிக்கும். எல்லாம் எனக்கும் தெரியும். என் பிள்ளைகளை இன்றைய காரில்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். பாதுகாப்பில் இன்றைய வண்டிதான் மேல், அதில் வாதமே இல்லை. கேட்ட கேள்வி அது நல்ல வண்டியா என்பது. தன் காலத்தில், தன் ரோட்டில், அதைவிட நிதானமாக தூரம் போன இந்திய வண்டி வேறு இல்லை என்பது என் முடிவு.

இதை எழுதும்போது வேறொன்றும் மனசில் வந்து நிற்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். கல்யாண மண்டபங்களில் அப்பா காத்திருந்த ராத்திரிகள் எனக்கு மறக்காது. முதலாளி சாப்பிட்டு, வீட்டார் சாப்பிட்டு, சமையல்காரர்கள் உட்காரும்போதுதான் டிரைவர்களைக் கூப்பிடுவார்கள். பாயசம் தீர்ந்திருக்கும். சில இடங்களில் கூப்பிடவே மாட்டார்கள். இன்றும் மண்டப வாசல்களில் பாருங்கள், கார்களுக்குப் பக்கத்தில் செல்போனைப் பார்த்தபடி நிற்பவர்களை. மில்லில் லாரி ஓட்டியவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருந்தது. அப்பா வீட்டு வண்டி ஓட்டியவர், மில் மஸ்டரில், அதாவது ஆட்கள் பதிவேட்டில், பெயர் இல்லை. வேலையை விட்டு நின்ற அன்று ஒரு வேட்டி சட்டையும் கவரும் கொடுத்தார்கள். கவரில் இருந்தது இரண்டு மாதச் சம்பளம். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். வீட்டுக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் பெயரில் மாதாமாதம் ஏதாவது ஒரு தொகை கட்டி வையுங்கள்.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் சியலோ, எஸ்டீம், ஓப்பல் என்று வரிசையாக வந்ததும் முதலாளி வண்டியை மாற்றிவிட்டார். கான்டெசா திருப்பூர்ப் பக்கம் போனது. வாங்கியவர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு ஏதோ டீசல் எஞ்சினை வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. 2002-இல் கம்பெனியும் கான்டெசாவை நிறுத்திவிட்டது.

நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5000 ஆக்கினார்கள், இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் இன்னும் ஏற்றிவிட்டார்கள். 2021-இல் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது, ஆனால் அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும். முதல் கான்டெசாவுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது வின்டேஜும் கிடையாது, புதுசும் கிடையாது. இதற்கு நடுவில் எத்தனை நல்ல வண்டிகள் எடைக்குப் போய்விட்டன! முப்பது வயதிலாவது ஒரு பாதுகாப்புக் கொடுத்திருக்கலாம்.

வண்டி பார்க்கும்போது 1.8 பெட்ரோல் கிளாசிக்காகப் பாருங்கள். எஞ்சின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள், நிறைய வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கும், புத்தகத்தில் ஏறியிருக்காது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கார்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள், கதவின் அடிவிளிம்பையும் டிக்கியின் ஓரத்தையும் விரலால் தட்டிப் பாருங்கள். எஞ்சின் வேலையைக் கோவையில் எப்படியாவது செய்துவிடலாம், கண்ணாடியும் அதைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கும்தான் அலைய வைக்கும், அதற்குச் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருக்கும். கோவைப் பக்கம் வண்டி பார்ப்பதாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். 77 வயதாகிறது, இன்னும் ஆசையாக வருவார். சாயங்காலம் மட்டும் வைக்காதீர்கள், துருப் பார்க்க நல்ல வெயில் வேண்டும் என்பார்.