டெக்ஸா சரி, வலி மட்டும் ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. இரண்டு மாதங்களாக இடுப்பின் பின்புறம் வலிக்கிறது. நடந்தால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் குறையில்லை என்றார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ?

பதில்: எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். டெக்ஸா வழக்கமாக அளப்பது கீழ்முதுகெலும்பையும் தொடையெலும்பின் மேற்பகுதியையும்தான். அம்மாவுக்கு வலிப்பது கீழ்முதுகெலும்புக்கும் கீழே, திரிக எலும்பு (இரு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே இருக்கும் முக்கோண எலும்பு) இருக்கும் இடத்தில். கருப்பைவாய்க்குக் கொடுக்கும் கதிர் அந்த எலும்பின் மீதும் விழுகிறது. டெக்ஸா அதை அளப்பதே இல்லை!

கதிர் பட்ட எலும்பில் புது எலும்பை உருவாக்கும் செல்களும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நலிகின்றன. மஜ்ஜையில் கொழுப்பு சேர்கிறது. அத்தகைய எலும்பு, கீழே விழாமலேயே, உடலின் எடையைத் தாங்கும்போதே விரிசல் விடலாம். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அம்மாவின் வலி இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் படம் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். விரிசல் என்றால் எம்.ஆர்.ஐ.யில் கறுப்புக் கோடும் அதைச் சுற்றி நீர்க்கோப்பும் தெரியும், பல நேரம் இரு பக்கமும். பரவிய நோய் பெரும்பாலும் கட்டியாகத் திரண்டு நிற்கும். செல்கள் சுறுசுறுப்பாக இயங்கும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் இரண்டுமே ஒளிரக்கூடும். அதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று சொல்லப்பட்டுக் கலங்கி வந்த குடும்பங்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக எடுத்த சி.டி. படங்களையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் காட்டும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1,000, எலும்புக்கு நூற்றுக்கணக்கில். அன்றைய படத்தையும் புதிய சி.டி.யையும் வைத்து, அதே எலும்பின் அதே இடத்தில் எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு படங்களும் எக்ஸ்ரே குழாயின் ஒரே மின்னழுத்தத்தில், ஒரே முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மஜ்ஜையில் சேரும் கொழுப்பும் எண்ணைக் குறைக்கும் என்பதால், இறக்கம் முழுவதையும் சுண்ணாம்புச் சத்தின் இழப்பாகக் கணக்கிடக் கூடாது. இருவகை ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களால் படமெடுக்கும் சி.டி. இருந்தால் கொழுப்பையும் சுண்ணாம்புச் சத்தையும் ஓரளவு பிரித்தறியலாம்.

முடிவு வரும்வரை அம்மா கனமானதைத் தூக்க வேண்டாம். நடக்கும்போது ஊன்றுகோல் இருக்கட்டும். எலும்பில் ஊசி குத்திச் சதை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் எம்.ஆர்.ஐ.யை, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியல் நிபுணரிடம் காட்டிக் கேளுங்கள். கதிர் பட்ட எலும்பில் புண் ஆற நாளாகும்.