கேளுங்கள், சொல்கிறோம்: ஈர்க்குச்சி ஆரூடமும் தொந்திப் புத்தரும்

இந்த இதழில் சீனா, கொரியா, ஜப்பான் மரபுகள் பற்றி சேலம் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

யி சிங் என்ற பழைய சீனக் குறி நூலின்படி ஆரூடம் பார்க்கத் தென்னை ஈர்க்குச்சியை ஐம்பதாக நறுக்கி வைத்திருக்கிறேன். முதல் சுற்று எண்ணி முடித்தால் ஒரு தடவை 40 மிஞ்சுகிறது, இன்னொரு தடவை 48. கணக்கு உதைக்கிறதே, குச்சி சரியில்லையா?
– வாசகர், அம்மாபேட்டை

குச்சியில் கோளாறு இல்லை. சீனாவில் ஒரு காட்டுச் செடியின் காய்ந்த தண்டைத்தான் இதற்கு எடுப்பார்கள். ஈர்க்கின் நடுப்பகுதியை ஒரே நீளத்துக்கு நறுக்கியிருந்தால் போதும். கோளாறு எண்ணுவதில்.

ஐம்பதில் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், அதைக் கடைசிவரை தொடவே வேண்டாம். மீதி 49-ஐ யோசிக்காமல் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். வலது குவியலில் ஒரு குச்சியை எடுத்து இடது கையின் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகுங்கள். இப்போது இடது குவியலை நான்கு நான்காகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதை அடுத்த விரலிடுக்கில் வையுங்கள். வலது குவியலுக்கும் அப்படியே. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குவியல் நான்கு நான்காகச் சரியாகத் தீர்ந்துவிட்டால் ‘மீதி இல்லை’ என்று விட்டுவிடக் கூடாது. கடைசி நான்கையும் மீதியாக எடுத்து விரலிடுக்கில் வைக்க வேண்டும். மீதி என்பது 1, 2, 3, 4 இவற்றில் ஒன்றுதான், பூஜ்யம் கிடையாது. உங்களுக்கு 48 வந்தது இதனால்தான்: இரண்டு குவியலும் சரியாகத் தீர்ந்திருக்கும், நீங்கள் அந்த ஒற்றைக் குச்சியை மட்டும் கழித்திருப்பீர்கள்.

சரியாகச் செய்தால் முதல் சுற்றில் விரலிடுக்கில் இருப்பது 5 அல்லது 9. கீழே மிஞ்சுவது 44 அல்லது 40. அந்த மிச்சத்தை வைத்து இதே வேலையை இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். அவற்றில் ஒவ்வொரு முறையும் கழிவது 4 அல்லது 8. மூன்றாம் சுற்று முடிவில் 36, 32, 28, 24 இவற்றில் ஒன்றுதான் கையில் நிற்கும். வேறு எண் வந்தால் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நிற்பதை நான்கால் வகுத்தால் 9, 8, 7, 6. ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு, இரட்டைப்படை என்றால் நடுவில் உடைந்த கோடு. 9-ம் 6-ம் மாறும் கோடுகள், அதாவது முழுக்கோடு உடைந்ததாகவும் உடைந்தது முழுக்கோடாகவும் மாறும். இப்படி ஆறு கோடு சேர்ந்ததுதான் நூலில் பலன் பார்க்கும் வடிவம், அதாவது பதினெட்டுச் சுற்று. பழகாத கைக்கு அரைமணி நேரம்கூட ஆகும்.

இன்னொரு தப்பு, இதைவிட மோசமானது. கோடுகளைக் கீழிருந்து மேலாக வரைய வேண்டும். முதல் மூன்றும் முழுக்கோடு, அடுத்த மூன்றும் உடைந்த கோடு என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். மூன்று முழுக்கோடு வானம், மூன்று உடைந்த கோடு பூமி. கீழிருந்து வரைந்தால் வானம் கீழே, பூமி மேலே: நூலில் 11-வது வடிவம், ‘அமைதி’. வானத்தின் இயல்பு ஏறுவது, பூமியின் இயல்பு இறங்குவது, ஆகவே இரண்டும் சந்திக்கின்றன என்பது விளக்கம். நாம் எழுதிப் பழகியபடி மேலிருந்து வரைந்தால் அதுவே 12-வது, ‘தேக்கம்’. நல்ல சேதிக்குப் பதில் கெட்ட சேதி.

மூன்று காசு சுண்டிப் பார்ப்பது சுருக்குவழி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காசில் 9-ம் 6-ம் பதினாறுக்கு இரண்டு வீதம் சமமாக விழும். குச்சியில் 9 வர பதினாறில் மூன்று வாய்ப்பு, 6 வர ஒன்றே ஒன்று. அதனால் பழைய முறைதான் வேண்டும் என்பவர்கள் காசைத் தொடுவதில்லை. அந்தப் பழைய முறையே 12-ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற அறிஞர், பண்டைய உரை ஒன்றில் இருந்த சில வரிகளை வைத்து மீட்டுக் கட்டியதுதான். கன்பூசியஸ் என்ற பண்டைய சீனச் சிந்தனையாளரின் வழிவந்த மரபில் யி சிங் ஐந்து செவ்வியல் நூல்களில் ஒன்று. குறி பார்ப்பவர்கள் மட்டுமல்ல, மந்திரிகளும் உட்கார்ந்து படித்த நூல்.

ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். கொரியக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. பரிமாறும் பையன் மரியாதைக்காகக் கரண்டியைச் சோற்றில் நட்டு வைத்துக் கொடுத்தான். பெரியவர் முகம் மாறிவிட்டது. என்ன தப்பு?
– வாசகி, ஏற்காடு

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கொடுப்பார்கள். கொரியாவில் ஜேசா என்னும் முன்னோர் படையலில், சோற்றுக் கிண்ணத்தின் நடுவில் கரண்டியை நட்டு வைப்பது முக்கியமான கட்டம். ‘சாப்பிடுங்கள்’ என்று முன்னோருக்குச் சொல்வது அது. ஜப்பானில் இறந்தவர் தலைமாட்டில் வைக்கும் சோற்றில் குச்சிகள் நிற்கும். சீனர்களுக்கு அது ஊதுபத்திக் கிண்ணத்தை நினைவூட்டும். மூன்று நாட்டு விருந்தாளிக்கும் கரண்டியையோ குச்சியையோ தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுங்கள்.

படையலைப் பற்றியும் இரண்டு வரி, நம் திதியோடு ஒப்பிட்டால் சுவையாக இருக்கும். நாம் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குக் கொடுக்கிறோம். சூ ஷியின் பெயரில் வழங்கும் குடும்பச் சடங்கு நூல் நான்கு தலைமுறை என்கிறது. கொரியக் குடும்பங்கள் அதையே பிடித்துக்கொண்டன. ஐந்தாம் தலைமுறைக்குப் போனவரின் பெயர் எழுதிய மரப்பலகையை எடுத்துப் புதைத்துவிடுவார்கள். பலகை இல்லாத வீட்டில் காகிதத்தில் எழுதி ஒட்டி, சடங்கு முடிந்ததும் எரித்துவிடலாம். சிவப்பு மிளகாயும் பூண்டும் சேர்ப்பதில்லை (நம் திதிச் சமையலிலும் பூண்டு கிடையாது). பீச் பழம் வைக்கவே கூடாது, அது ஆவிகளை விரட்டும் என்பது நம்பிக்கை. கூப்பிட்டவரையே துரத்தியது போல் ஆகிவிடும். கரண்டி நட்ட பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள், ஒன்பது கவளம் சாப்பிடும் நேரம். பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். காக்கை மட்டும் இல்லை.

குரூப்-2 தேர்வுக்குத் தயாராகிறேன். போட்டித் தேர்வு என்பதே சீனாவில் தோன்றியது என்கிறார்கள். காப்பி அடிப்பதை அவர்கள் எப்படித் தடுத்தார்கள்?
– வாசகர், ஓமலூர்

இன்றைய தேர்வுக்கூடம் தோற்றுவிடும். மிங், சிங் அரசுகளின் காலத்தில் மாகாணத் தேர்வு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்தில், மூன்று அமர்வாக நடக்கும். ஒவ்வொன்றும் உள்ளேயே ராத்தங்கி எழுதுவது. ஆளுக்கு ஒரு சிறிய அறை, முன்பக்கம் கதவே இல்லாமல் திறந்தபடி. இரண்டு பலகை: பகலில் ஒன்று மேலே மேசை, ஒன்று கீழே இருக்கை, இரவில் இரண்டையும் ஒரே மட்டத்தில் செருகினால் படுக்கை. நான்ஜிங் கூடத்தில் இப்படி 20,000-க்கும் மேற்பட்ட அறைகள்.

வாசலில் சோதனை உண்டு. அதையும் மீறி உள்சட்டை முழுக்கப் பொடி எழுத்தில் பாடத்தை எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் உண்மையான பயம் திருத்துபவர் மேல்தான். தெரிந்த கையெழுத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டால்? அதனால் மிங், சிங் அரசுகளுக்கு முந்தைய சோங் அரசின் காலத்திலேயே பெயரை ஒட்டி மறைத்தார்கள். விடையையும் எழுத்தர்கள் திரும்ப நகலெடுத்தார்கள். பிற்காலத்தில் மாணவர் எழுதுவது கறுப்பு மை, நகல் சிவப்பு மை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஆட்கள். திருத்துபவர் கண்ணில் படுவது சிவப்பு நகல் மட்டுமே.

இந்த ஏற்பாட்டைக் கொரியா 958-இலும் வியட்நாம் 1075-இலும் எடுத்துக்கொண்டன. ஜப்பானில் வேர்பிடிக்கவில்லை, அங்கே குடும்பப் பிறப்பே பதவியைத் தீர்மானித்தது. சீனாவில் 1905-இல் ஒழித்தார்கள். முறை நேர்மையாக இருந்தது; பாடத்திட்டம்தான் இறுகிப்போயிருந்தது. எட்டு பகுதிக் கட்டுரை என்ற ஒரே அச்சில் எழுத வைத்தே நூற்றாண்டுகளை ஓட்டினார்கள்.

கடையில் விற்கும் சிரிக்கும் புத்தரும் தியாகனூர் புத்தரும் ஒருவர்தானா?
– வாசகர், ஆத்தூர்

இல்லை. தலைவாசல் பக்கம் தியாகனூரில் கல்லில் தியானத்தில் அமர்ந்திருப்பவர் கௌதம புத்தர். தொந்தியும் துணிமூட்டையுமாகச் சிரிப்பவர் புதாய், 10-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று அவரைக் கொண்டாடினார்கள், அதனால் சீனக் கோயில்களின் முன்மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். தொந்தியைத் தடவினால் பணம் வரும் என்பது பௌத்தப் போதனை அல்ல.

போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், குங்ஃபூவைக் கற்றுக்கொடுத்தார் என்பது எவ்வளவு உண்மை?
– வாசகர், சூரமங்கலம்

பாதி. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதே காலத்து இன்னொரு குறிப்பு, 547-ஐ ஒட்டியது, பாரசீகத்தவர் என்கிறது. காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் பிற்காலச் சேர்க்கை. குங்ஃபூ கதை 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பயிற்சி நூலிலிருந்து வந்தது, அதாவது ஆயிரம் ஆண்டு தாமதம். சீனாவில் தமிழுக்குச் சான்று வேண்டும் என்றால் சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள். சிவன் கோயிலைப் பற்றியது, தமிழிலேயே இருக்கிறது.

மன்னரை எதிர்க்கலாம் என்று கன்பூசியத்தில் இடம் உண்டா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

உண்டு. கன்பூசியஸுக்குப் பின் வந்த மென்சியஸ் தெளிவாகச் சொன்னார்: மக்களே முதன்மை, மண்ணும் தானியமும் காக்கும் தெய்வங்கள் அடுத்து, அரசர் கடைசி. கொடுங்கோலரான பண்டைய ஷாங் வம்ச மன்னரைக் கொன்றது அரசக்கொலை ஆகாது, அறம் கெட்ட ஒரு தனி ஆளைத் தண்டித்ததுதான் என்றார். வானம் தந்த ஆணையை வானமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசருக்கு இது பொறுக்கவில்லை. 1394-இல் அந்த நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டி, வெட்டிய பகுதிகளிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.