வலது ஓரத்தில் மட்டும் மவுஸ் மசியாதது ஏன்?

கேள்வி: எங்கள் மொத்த விற்பனைக் கடையின் சரக்கு இருப்புக்காக பைத்தானில், எழுத்துத் திரைகளை வரைந்து தரும் கர்சஸ் நூலகத்தைக் கொண்டு ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. ஊழியர்கள் விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி என்ற டெர்மினல் (எழுத்துச் சன்னல்) மென்பொருள் வழியாக நுழைகிறார்கள். அண்மையில் மவுஸ் வசதி சேர்த்தேன். சன்னலை முழுத்திரைக்கு விரித்தால் வலது ஓரத்தில் உள்ள ‘சேமி’ பொத்தான் கிளிக்கை ஏற்பதில்லை. மற்ற இடங்களில் சிக்கல் இல்லை. மவுஸால் இழுத்து நகலெடுப்பதும் நின்றுவிட்டது. நிரல் பாதியில் நின்றுபோனால், கட்டளை தட்டும் ஷெல்லில் கிளிக் செய்யும்போதெல்லாம் குப்பை எழுத்துகள் விழுகின்றன. மென்பொருள் விற்கும் ஒருவர், “டெர்மினலில் மவுஸ் ஒழுங்காக வராது, தனி டிரைவர் போட வேண்டும், அல்லது எங்கள் புது மென்பொருளுக்கு மாறுங்கள்” என்கிறார். ஆனால் என் உபுண்டு கணினியில் ‘மேன்’ என்ற உதவிப் பக்கங்களில் மவுஸ் சக்கரம் நன்றாக உருளுகிறதே? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக, டிரைவர் விற்க வந்தவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் அமைப்பில் டிரைவருக்கு இடமே இல்லை. மவுஸ் இருப்பது விண்டோஸ் கணினியில். அதற்கான டிரைவர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சர்வருக்கு உங்கள் மவுஸ் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதற்குப் போய்ச் சேருவது எழுத்துகள் மட்டும்தான். இந்த ஒரு விஷயம் மனத்தில் நின்றால் உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் விளங்கிவிடும்: டெர்மினலில் மவுஸ் கிளிக் என்பது, உங்கள் சார்பில் புட்டி தட்டச்சு செய்து அனுப்பும் சில எழுத்துகள்.

நிரல் தொடங்கும்போது டெர்மினலுக்கு ஒரு வேண்டுகோள் போகிறது. எஸ்கேப் குறி, இடது சதுர அடைப்புக்குறி, கேள்விக்குறி, 1000 என்ற எண், கடைசியில் ஒரு சிறிய எச். ‘இனி யாராவது மவுஸை அழுத்தினாலும் விட்டாலும் எனக்குச் சொல்’ என்று இதற்குப் பொருள். அதே தொடரில் எச் இருக்கும் இடத்தில் சிறிய எல் வந்தால் ‘போதும், நிறுத்து’. கர்சஸில் மவுஸ்மாஸ்க் என்ற செயற்கூற்றை அழைக்கும்போது திரைக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதான்.

இனி வலது ஓரம். பழைய முறையில் டெர்மினல் மூன்று பைட்டுகளில் விடை சொல்லும்: எந்தப் பொத்தான், எத்தனையாவது நெடுவரிசை, எத்தனையாவது வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பைட். எழுத்துக் குறியீட்டில் முதல் 32 இடங்களும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் போய்விட்டதால், எந்த எண்ணானாலும் 32ஐக் கூட்டித்தான் அனுப்ப வேண்டும். ஒரு பைட்டின் உச்சம் 255. அதில் 32 போனால் 223. ஆக, 223ஆவது நெடுவரிசைக்கு அப்பால் நடக்கும் கிளிக்கைச் சொல்ல இந்த முறையில் வழியே இல்லை.

உங்கள் திரையைக் கணக்குப் பாருங்கள். 1920 புள்ளி அகலமுள்ள மானிட்டர், எட்டுப் புள்ளி அகலமுள்ள எழுத்து என்று வைத்துக்கொண்டால் 240 நெடுவரிசைகள். உருள்பட்டைக்கும் ஓரத்துக்கும் கொஞ்சம் போகும். மிச்சத்தில் 223க்குப் பிறகு வரும் பதின்மூன்று பதினான்கு நெடுவரிசைகள்தான் செத்த நிலம். ‘சேமி’ பொத்தானைச் சரியாக அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். சன்னலைச் சுருக்கினால் பொத்தான் உள்ளே வந்துவிடும், கிளிக்கும் வேலை செய்யும். செய்து பாருங்கள், நோய் இதுதானா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. 1006 என்ற எண்ணுடைய முறை 2012இல் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் வந்தது. அதில் நெடுவரிசையும் வரியும் சாதாரணப் பதின்ம எண்களாகவே போகும், நடுவே அரைப்புள்ளியோடு. 300ஆவது நெடுவரிசை என்றால் 300 என்றே எழுதி அனுப்பும். அழுத்தினால் தொடரின் கடைசியில் பெரிய எம், விட்டால் சிறிய எம். பழைய முறையில் எந்தப் பொத்தானை விட்டோம் என்பதுகூடத் தெரியாது, இதில் தெரியும். புட்டி இதைப் புரிந்துகொள்ளும்.

இடையில் 1005, 1015 என்று இரண்டு எண்கள் உண்டு. இணையத்தில் எங்காவது நிரல் துண்டு கிடைத்து, அதில் இந்த எண்கள் இருந்தால் அந்தத் துண்டைக் கீழே போடுங்கள். அவை இந்த 223 தொல்லையைத் தீர்க்க வந்து, வேறு தொல்லைகளைக் கூட்டிவிட்டுப் போனவை.

சரி, 1006ஐ எப்படிக் கேட்பது? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. கர்சஸ் டெர்மினலிடம் நேராகப் பேசாது. ‘டெர்ம்’ என்ற சூழல் மாறியில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்கும். அந்தப் பெயருக்குரிய விவரக் குறிப்பை டெர்மின்ஃபோ தொகுப்பில் தேடும். அதில் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். எதிரே உண்மையில் எந்த டெர்மினல் இருக்கிறது என்று விசாரிக்காது. உலகில் உள்ள டெர்மினல்களில் பாதி, தாங்கள் எக்ஸ்டெர்ம் என்று பொய்ச் சான்றிதழ் காட்டியே உள்ளே நுழைகின்றன, புட்டியும் அப்படித்தான். அந்த எக்ஸ்டெர்ம் குறிப்பில் மவுஸுக்குப் பழைய முறை எழுதியிருக்கிறதா, புதிய முறை எழுதியிருக்கிறதா என்பது உங்கள் சர்வரில் உள்ள தொகுப்பின் வயதைப் பொறுத்தது. எத்தனையோ ஆண்டுகளாக ஒரு கிளிக்கைச் சொல்லி அனுப்ப இவ்வளவு சுற்றுவழி.

சர்வரில், அந்தக் குறிப்பைக் காட்டும் இன்ஃபோகம்ப் கட்டளையை ஓடவிட்டு ‘கேமௌஸ்’ என்ற பதிவைப் பாருங்கள். அதில் சதுர அடைப்புக்குறியை அடுத்துப் பெரிய எம் இருந்தால் பழைய முறை. ‘விடச் சிறியது’ என்னும் குறி இருந்தால் புதிய முறை. பழையது என்றால், ‘எக்ஸ்டெர்ம்-1006’ என்ற பெயரிலேயே ஒரு தனிக் குறிப்பு உண்டு. டெபியன், உபுண்டு சர்வர்களில் அது ‘என்கர்சஸ்-டெர்ம்’ என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறது, அதை நிறுவுங்கள். பிறகு புட்டியில் இணைப்புக்கான அமைப்புகளில், தரவு என்ற பக்கத்தில் டெர்மினல் வகைக்குரிய கட்டத்தில் அந்தப் பெயரை எழுதிச் சேமித்துவிடுங்கள். நிறங்கள் எட்டாகக் குறையலாம். சரக்கு இருப்புத் திரைக்கு எட்டு நிறம் தாராளம். சர்வரில் உள்ள என்கர்சஸ் (லினக்ஸில் கர்சஸ் நூலகத்தின் வடிவம்) 6ஆம் பதிப்பாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், 6.0 வெளிவந்தது 2015இல்.

நகலெடுப்பது எளிது. நிரல் மவுஸைக் கேட்டு வாங்கிக்கொண்டதால் டெர்மினல் அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் பழையபடி தேர்வு ஆகும். ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டினாலும் சரி.

குப்பை விழும் கதை வேறு. நிரல் ‘எனக்குச் சொல்’ என்று கேட்டுவிட்டு, ‘நிறுத்து’ என்று சொல்லாமலே செத்துவிட்டது. டெர்மினல் பாவம், கேட்டவர் போன பிறகும் வீட்டுக் கதவில் பால் பாக்கெட் தொங்கவிட்டுப் போகிறவரைப் போல ஒவ்வொரு கிளிக்கையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புதிய முறையில், 35ஆவது நெடுவரிசை, 12ஆவது வரியில் அழுத்தினால் ஷெல்லில் 0;35;12 என்றும் அதன் வாலில் ஒரு பெரிய எம்மும் வந்து விழும். அந்த நிலையில் யாராவது என்டரைத் தட்டினால், 0 என்று ஒரு கட்டளை கிடையாது என்று ஷெல் புகார் சொல்லும். ஆபத்து ஒன்றுமில்லை, வைரஸ் என்று பயந்து யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் அழுத்தினால் அடங்கிவிடும். புட்டியின் மெனுவிலும் டெர்மினலை மீட்டமைக்கும் வரி ஒன்று உண்டு. சிலர் ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று தட்டச் சொல்வார்கள். அது சரிசெய்வது சர்வர் பக்கத்தை, மவுஸை விடாமல் பிடித்திருப்பதோ இந்தப் பக்கத்து டெர்மினல்.

நிரலில் செய்ய வேண்டியது: முழு வேலையையும் கர்சஸின் ரேப்பர் செயற்கூற்றுக்குள் ஓட வையுங்கள். பிழை வந்து நிரல் விழுந்தாலும் அது மவுஸை விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஆனால் வெளியிலிருந்து சிக்டெர்ம் (‘நின்றுவிடு’), சிக்ஹப் (‘இணைப்பு அறுந்தது’) போன்ற சமிக்ஞைகள் வந்தால் பைத்தான் எதையும் துடைக்காமல் செத்துவிடலாம். ஆகவே அந்த இரண்டையும் பிடித்து, முறைப்படி வெளியேறும்படி எழுத வேண்டும். ‘உடனே கொல்’ என்னும் சிக்கில் சமிக்ஞை வந்தால் யாராலும் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு தந்திரம்: நிரலை நேரடியாகத் தொடங்காமல் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்குங்கள், நிரலை அழைக்கும் வரிக்கு அடுத்த வரியில், 1000க்கும் 1006க்கும் எல் போட்டு முடியும் அந்த ‘நிறுத்து’ தொடர்களை அச்சிடச் சொல்லுங்கள். நிரல் எப்படிச் செத்தாலும் அடுத்த வரி ஓடும்.

இணையத்தில் நகலெடுத்துப் போடுகிறவர்கள் விழும் பெரிய குழி 1003. மவுஸ் நகரும் ஒவ்வொரு கட்டத்தையும் அது சொல்லும். பொத்தானின் மேல் போனால் நிறம் மாற வேண்டும் என்ற ஆசையில் இதைப் போடுவார்கள். பிறகு மெதுவான இணைப்பில் யாரோ மேசையைத் துடைக்கும்போது மவுஸ் அசைந்ததற்கெல்லாம் நிரல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதோடு, கர்சஸுக்குத் தெரியாமல் நீங்கள் கையால் போட்டதை அது அணைத்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. சரக்குக் கடைக்கு 1000 போதும். இழுத்துப் போடும் வசதி வேண்டுமென்றால் 1002. அதற்கு மேல் போகாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட சக்கரம். இது பலரையும் ஏமாற்றும் விதிவிலக்கு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மேன் பக்கத்தைக் காட்டும் லெஸ் நிரல் உங்கள் மவுஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது முழுத்திரையைப் பிடித்துக்கொண்டு, டெர்மினலின் மாற்றுத் திரையில் ஓடுகிறது. மாற்றுத் திரையில் பின்னோக்கி உருட்டப் பழைய வரிகள் கிடையாது. எனவே உபுண்டுவின் டெர்மினல், சக்கரத்தை உருட்டும்போது நிரலுக்கு மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளை அனுப்புகிறது. லெஸ் பார்ப்பது அம்பு விசையை, மவுஸை அல்ல. இந்த வழக்கத்துக்கும் 1007 என்று ஓர் எண் உண்டு. எல்லா டெர்மினலிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

இதில் உங்களைக் கடிக்கப்போகும் பகுதி அடுத்தது. மவுஸ் வசதி சேர்ப்பதற்கு முன்பு, உங்கள் உபுண்டுவில் உங்கள் நிரலின் பட்டியலும் சக்கரத்துக்கு உருண்டிருக்கும். அதே அம்பு வித்தைதான். மவுஸ்மாஸ்க் போட்ட நொடியில் அந்த வித்தை நின்றுவிடும். இப்போது சக்கரம் மேலே உருண்டால் நான்காவது பொத்தான், கீழே உருண்டால் ஐந்தாவது பொத்தான் என்று நிரலுக்கே வரும். அவற்றை நீங்கள் கையாளவில்லை என்றால், மவுஸ் வசதி சேர்த்த பிறகு மவுஸ் கெட்டுவிட்டது என்று பேர் வாங்குவீர்கள். ஐந்தாவது பொத்தானுக்கான பெயர் பைத்தான் 3.10இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பென்றால், அழுத்தத்துக்குரிய மதிப்பான 2097152 என்ற எண்ணை நேரடியாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே உருளும், கீழே உருளாது என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

எழுதும்போது இரண்டு சிறு விஷயங்கள். கர்சஸில் மற்ற இடங்களிலெல்லாம் வரி முதலில், நெடுவரிசை பிறகு. கிளிக்கின் இடத்தைச் சொல்லும் கெட்மவுஸ் மட்டும் நெடுவரிசையை முதலில் தருகிறது. கிளிக் எங்கோ போய் விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று, கிளிக் செய்தால் ஒரு கணம் தயங்குவது போல் இருக்கும். அழுத்தி விட்டது முழுக் கிளிக்கா என்று கர்சஸ் ஆறில் ஒரு பங்கு நொடி காத்துப் பார்க்கிறது. அந்தக் காத்திருப்பை முடிவுசெய்யும் மவுஸ்இன்டர்வலை 0 ஆக்கி, அழுத்தியதையும் விட்டதையும் தனித்தனியாகக் கேளுங்கள், தயக்கம் போய்விடும்.

புட்டியைப் புதுப்பிக்கும்போது தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். சைமன் டாத்தம் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள் அது. கடவுச்சொல்லைத் திருடும்படி மாற்றப்பட்ட போலிப் பிரதிகள் அதன் பெயரில் உலவியிருக்கின்றன. புட்டிக்கு உரிமக் கட்டணம் என்று யாராவது ரசீது நீட்டினால் அவரும் டிரைவர்காரரின் கூட்டாளிதான். புட்டியை சைமன் டாத்தமின் சொந்தப் பக்கத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வலது ஓரம் மசியவில்லை என்றால், இன்ஃபோகம்ப் காட்டிய அந்த ஒரு வரியையும் புட்டியின் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். திரையை அலைபேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.