பிரமிடில் ஏறாமல் ஒரு நாள்

கேள்வி: மகன் மெக்சிகோ சிட்டியில் வேலை பார்க்கிறான். வரும் பிப்ரவரியில் நானும் கணவரும் அவனோடு ஒரு மாதம் தங்கப்போகிறோம். தியோட்டிவாக்கான் பிரமிடுகளுக்கு ஒரு நாள் சுற்றுலாவில் எங்களை அனுப்ப நினைக்கிறான். நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேலே ஏற விடுவதில்லை என்கிறார்கள்; எனக்கு முழங்கால் வலியும் உண்டு. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பவா அவ்வளவு தூரம் போவது? வழிகாட்டி அவசியமா, நாங்களே பஸ்ஸில் போய்வரலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அதைக் கட்டியவன் தமிழன் மயன்தான் என்று கணவர் அடித்துச் சொல்கிறார். அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, கட்டாயம் போங்கள். வழிகாட்டியோடு போங்கள். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் இந்த நிரலின்படி போகாதீர்கள்.

அதை இரண்டு முறை படித்தேன். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு. முதலில் நகரத்துக்குள் ட்லாட்டெலோல்கோ என்ற பழைய இடிபாடுகள், பிறகு குவாடலூப்பே மாதா பேராலயம், பிறகு கைவினைப் பொருள் கடை, பிறகு மதிய உணவு. பிரமிடுகளுக்கு மிஞ்சுவது உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம். நான் முதல் முறை போனது இதே போன்ற ஒரு பயணத்தில்தான். கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். நிழலே இல்லாத நடுவீதியில் ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டு, எதைப் பார்த்தோம் என்றே தெரியாமல் திரும்பினேன். இரண்டாம் முறை ஒரு வழிகாட்டியை மட்டும் அமர்த்திக்கொண்டு காலை எட்டு மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே போனேன். அன்றுதான் அந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

ஊர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பிரமிடுகளைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்புவதால்தான் ஏற முடியாதது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அது ஒரு நகரம். சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பு, செழித்திருந்த காலத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறையாத மக்கள். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ரெனே மில்லன் தலைமையில் அதை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புத் தொகுதிகள் தெரியவந்தன. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள். வடக்கிலிருந்து சுமார் 15.5 டிகிரி கிழக்கே திரும்பிய ஒரே ஒழுங்கில் முழு நகரமும் அமைந்திருக்கிறது. குறுக்கே ஓடிய ஆற்றைக்கூட அந்த ஒழுங்குக்கு ஏற்பத் திருப்பிவிட்டார்கள். இரும்புக் கருவி கிடையாது, வண்டிச் சக்கரம் கிடையாது, சுமை இழுக்க மாடு கிடையாது. மண்ணும் கல்லும் மனிதர் தோளில் வந்தவை.

சூரியப் பிரமிடு சுமார் 65 மீட்டர் உயரம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். சந்திரப் பிரமிடில் மட்டும், 2025 மே மாதத்தில், முதல் தட்டு வரையுள்ள 47 படிகளைத் திறந்தார்கள். அந்தப் படிகள் செங்குத்தானவை. உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஆசையிருந்தால் கணவர் ஏறட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், மனம் ஆறும். இன்று கண்ணுக்குத் தெரியும் சூரியப் பிரமிடின் மேற்பரப்பு அதைக் கட்டியவர்கள் விட்டுச்சென்ற மேற்பரப்பு அல்ல. மெக்சிகோ சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவுக்காக 1905 முதல் 1910 வரை லியோபோல்டோ பாத்ரெஸ் என்ற தொல்லியலாளர் அதைத் தோண்டியபோது, பல மீட்டர் கனமுள்ள வெளிப்பகுதியையே உரித்தெடுத்துவிட்டார். பழைய நாளில் அது சுண்ணாம்புச் சாந்து பூசி, சிவப்பு வண்ணம் தீட்டி நின்றது. அந்தச் சிவப்பை இன்னும் தரையோடு ஒட்டிய சுவர்களில்தான் பார்க்க முடியும். கீழே இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

வழிகாட்டி எதற்கு என்றால் இதற்குத்தான். அங்கே கற்கள் பேசுவதில்லை. அந்த மக்கள் தங்கள் ஊரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் நகரத்தின் நடுப்பகுதி தீக்கிரையானது; மக்கள் மெல்லக் கலைந்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த, ஸ்பானியருக்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள், தெய்வங்கள் தோன்றிய இடம் என்ற பொருளில் தங்கள் நாவாட்ல் மொழியில் வைத்த பெயர்தான் தியோட்டிவாக்கான். இரு புறத்து மேடுகளையும் கல்லறைகள் என்று எண்ணி, நடுவீதிக்கு இறந்தோர் வீதி என்று பெயரிட்டவர்களும் அவர்களே. இறகுப் பாம்புக் கோயிலருகே நின்று, 2003ஆம் ஆண்டு மழையில் தரை உள்வாங்கியதையும், அந்தக் குழிக்குள் இறங்கிய தொல்லியலாளர் செர்ஹியோ கோமெஸ் கோயிலுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைக் கண்டதையும், அதன் முடிவில் பாதரசம் கிடைத்ததையும் ஒருவர் அந்த இடத்தைக் கைகாட்டிச் சொல்லக் கேட்பது வேறு. பலகையில் நான்கு வரி படிப்பது வேறு. அந்தக் கோயிலைக் கட்டியபோது நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைகளைப் பின்னால் கட்டிப் பலியிட்டுப் புதைத்திருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி அதையும் மறைக்கமாட்டார்.

மகனிடம் சொல்லி, சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை உள்ள ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். எந்த மொழி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம், கடைக்கு அழைத்துப்போவாரா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். செலவு அதிகம் என்று தோன்றினால், வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் போய், வாயிலருகே வழிகாட்டி பிடிப்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் உங்களுக்குக் காரில் போவதே நல்லது. முதல் வாயிலிலிருந்து சூரியப் பிரமிடு வரை வீதியின் குறுக்கே மேடை மேடையாக ஏறி இறங்கவேண்டும். முழங்காலைப் பழுதாக்குவது அந்தப் பகுதிதான். இறகுப் பாம்புக் கோயிலைப் பார்த்ததும் வெளியே வந்து, சுற்றுச்சாலையில் காரிலேயே அடுத்த வாயிலுக்குப் போய்விடுங்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊட்டியைவிடச் சற்று உயரமான இடம் அது, மூச்சு வாங்கும். மெக்சிகோ வந்து இறங்கிய முதல் வாரத்தில் போகவேண்டாம். ஞாயிறும் வேண்டாம், அன்று உள்நாட்டவருக்கு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். சிறுத்தை உறுமுவது போல் ஒலி கேட்டால் பயப்படாதீர்கள், மண் ஊதல் விற்பவர்கள் அவர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, கவனம் மட்டும் வேண்டும். மொச்சை, அவரை வகைகளைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். 'சின் கார்னே, சின் மன்தேகா' – இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம் – என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பூசணிப் பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த சோள ரொட்டியைக் கேளுங்கள். நோபால் என்னும் சப்பாத்திக்கள்ளிப் பொரியலும் நன்றாகவே இருக்கும்.

இனி உங்கள் கணவரின் மயன். அவருடைய பெருமிதத்தை மதிக்கிறேன். கருத்தை ஏற்க முடியாது. முதலாவதாக, தியோட்டிவாக்கான் மத்திய அமெரிக்கப் பழங்குடிகளான மாயர்களின் நகரமே அல்ல. மாயர்களின் பெரு நகரமான டிக்கால் அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்றைய குவாத்தமாலாவில் இருக்கிறது. மாயர்களும் மறைந்துபோனவர்கள் அல்லர். அவர்களின் மொழிகளை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். மயன், மாயர் என்ற இரு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பதை வைத்து, தோளில் மண் சுமந்தவர்களிடமிருந்து அவர்களின் உழைப்பைப் பறிக்கலாமா? நம் கோயில்களை வேற்று நாட்டவர் கட்டினார்கள் என்று யாராவது எழுதினால் நாம் எவ்வளவு கொதிப்போம்! உண்மையான உறவு வேண்டுமானால் உங்கள் அடுக்களையைக் காட்டுங்கள். மிளகாயைப் பயிராக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடிகள். போர்ச்சுகீசியர் வழியாகத்தான் அது நம்மிடம் வந்தது. வழிகாட்டி கள்ளி மடலிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து நசுக்கிச் சிவப்புச் சாயம் காட்டுவார். அந்தச் சாயப்பூச்சிக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கணவருக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

கடைசியாக, பெரும்பாலான சுற்றுலாக்கள் விட்டுவிடும் ஓர் இடம். ஐந்தாம் வாயிலுக்கு அப்பால், சிறிது தூரத்தில், டெபான்டிட்லா என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. படி அதிகம் இல்லை, கூட்டமும் இல்லை. அதன் சுவரில் விரலளவு மனிதர்கள் நூற்றுக்கணக்கில் நீந்துகிறார்கள், பட்டாம்பூச்சி துரத்துகிறார்கள், பந்தாடுகிறார்கள். பேச்சும் பாட்டும் வாயிலிருந்து சுருள் சுருளாக வெளிவருகின்றன. அத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவே ஒருவன் மட்டும் கையில் கிளையோடு கண்ணீர் சொரிந்து நிற்கிறான். வழிகாட்டி காட்டுவதற்கு முன் நீங்கள் இருவருமே அவனைத் தேடிப் பாருங்கள்.