ஃபயோல் இருக்கட்டும், ஜிப்மர் தேதி எப்போது?

கேள்வி: கடலூரில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பி.பி.ஏ. முதலாண்டுக்கு மேலாண்மைக் கோட்பாடுகள் பேப்பர் எடுக்கிறேன். ஃபயோலின் 14 கோட்பாடுகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பையன்கள், உதாரணம் கேட்டால் டாடா, அம்பானிக்கு மேல் வாய் திறப்பதில்லை. பாதிப் பேர் போனில் இருக்கிறார்கள். ரிசல்ட் குறைந்ததற்கு முதல்வர் என்னைக் குடைகிறார். ராத்திரி பதினொரு மணி வரை பிபிடி தயாரிக்கிறேன். மாதாமாதம் அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பையன் படிப்பு எல்லாம் மனைவிதான் (அவளும் ஒரு ஸ்கூலில் டீச்சர்), எனக்கு அந்த நிர்வாகமெல்லாம் வராது. இவ்வளவு உழைத்தும் மாணவர்களுக்கு ஏன் ஆர்வம் வரவில்லை?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, பையன்கள் போன் நோண்டுகிறார்கள் என்று கணக்கு வாத்தியாரும் எழுதுகிறார், தமிழம்மாவும் எழுதுகிறார், மாதம் தவறுவதில்லை. அதற்கெல்லாம் ஆறுதல் சொல்ல இந்தப் பக்கத்தில் இடமில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் நின்றேன். எனக்கு அந்த நிர்வாகமெல்லாம் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. மேலாண்மை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர் இதை எழுதிவிட்டு, கை கூசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறீர்கள்.

சரி, அந்த நிர்வாகத்தில் என்னவெல்லாம் இருக்கிறது? விடிவதற்குள் எழுந்து, முடியாத மனிதரைக் கிளப்பி, புதுச்சேரி பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு வண்டி மாற்றி ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போக வேண்டும். பழைய சீட்டும் ரிப்போர்ட்டும் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் டிபனைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், வரிசையில் தான் நிற்கும்போது அவரை எங்கே உட்காரவைப்பது என்று பார்க்க வேண்டும், மருந்து வாங்கி அடுத்த தேதியும் வாங்க வேண்டும், இதற்கு நடுவில் ஸ்கூல் விட்டு வரும் பையனுக்குச் சாவி எந்த வீட்டில் கொடுத்திருக்கிறது என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று உங்கள் முதல் யூனிட் முழுவதும் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டிலிருந்தே பஸ் ஏறிப் போகிறது, நீங்கள் பிபிடியில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஃபயோல் யார் என்று வகுப்பில் சொன்னீர்களா? அவர் சுரங்க இன்ஜினியர். திவாலாகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க, இரும்புக் கம்பெனியை 1888இல் தலைமையேற்று நிமிர்த்தியவர். கற்றதையெல்லாம் 1916இல், 75 வயதை ஒட்டி, பிரெஞ்சில் எழுதினார். (பக்கத்துப் புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சு ஆட்சிதான், ஆனாலும் நம் பாடத்திட்டத்துக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றித்தான் வந்து சேர்ந்தார்.) 14 என்பதோடு கோட்பாடுகள் முடிந்துவிடவில்லை, இடத்துக்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நிர்வாகத் திறமை கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் போலவே வீட்டுக்கும் வேண்டும், அதனால் ஆரம்பப் பள்ளியிலிருந்தே அதைக் கற்றுத்தர வேண்டும் என்றும் எழுதினார். 14ஐயும் மனப்பாடம் செய்ய வைத்தீர்கள், இதை விட்டுவிட்டீர்கள்.

அப்புறம், ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் கேட்டால் உங்கள் மனைவி என்ன சொல்வார்? 'அவரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பார். அலைச்சலும் பொறுப்பும் அவருக்கு, முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அந்தப் பதினான்கில் இரண்டாவது. வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கலாம், பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது என்று நீங்களே போர்டில் எழுதிப்போட்டிருப்பீர்கள். பெற்ற அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது மகன் வேலை. மருமகள் செய்தால் அது அவர் பெரிய மனசு, அதை உரிமை போல எடுத்துக்கொள்ள யாருக்கும் பாத்தியதை இல்லை. என்னைப் பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் சரி, இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

வீட்டில் நடப்பது நிர்வாகம் என்றே உங்கள் கண்ணில் படவில்லை, அப்புறம் பையன்கள் வீட்டில் நடப்பது எப்படிப் படும்? டாடா, அம்பானியைச் சொன்னால்தான் உதாரணம் என்று அவர்களுக்குப் பழக்கியதே நீங்கள்தானே? முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் பையனிடம் கேளுங்கள், டீசலும் ஐஸும் கழித்து மீதியைப் படகுக்காரரும் தொழிலாளியும் எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று. ஊதியம் பற்றி உங்கள் ஸ்லைடில் இருப்பதைவிட அதிகம் சொல்வான். சிப்காட்டில் ஷிப்ட் போகும் அப்பாவுக்கு இரண்டு சூப்பர்வைசர் ஆளுக்கொன்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டால் கட்டளை ஒருமை, அதாவது ஒருவருக்கு ஒரே மேலாள்தான் உத்தரவு போட வேண்டும் என்ற கோட்பாடு, முடிந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால், 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்த பிறகு காய்க்கப் பல வருடம் எடுக்கும் மரத்தையே திரும்ப நட்டார்களா, வேறு பயிருக்குப் போனார்களா, யார் முடிவெடுத்தது, எந்தக் கணக்கில் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். திட்டமிடலுக்கு அதைவிட நல்ல அசைன்மென்ட் எனக்குத் தெரியவில்லை. சொந்த வீட்டுக் கதையில் கோட்பாட்டைக் கண்டுபிடித்த பையன் பரீட்சையிலும் எழுதிவிடுவான், முதல்வருக்கு வேண்டிய ரிசல்ட் அதில் வந்துவிடும். போன் விஷயத்தைக் கல்லூரி விதி பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் இதெல்லாம் அடுத்த ஜிப்மர் தேதிக்கு அப்புறம். அந்தத் தேதி என்றைக்கு என்று இன்றைக்கே மனைவியிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பையை வாங்கிக்கொண்டு அப்பாவோடு நீங்கள் தனியாகப் போங்கள், வரிசையில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் போட்டு எந்த ரூம் என்று கேட்கக் கூடாது. கல்லூரியில் லீவு தரமாட்டார்கள் என்று மட்டும் எனக்குப் பதில் எழுதாதீர்கள். உங்கள் மனைவியும் டீச்சர்தானே, இத்தனை மாதம் அவருக்கு லீவு எப்படிக் கிடைத்தது, எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?